குதிரைத்திறனைப் பார்த்து லாரிக்கு இன்ஜின் மாற்றாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய சிறிய லாரிக்குக் கார் இன்ஜினை மாற்றி வைக்கலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டதற்குச் சென்ற இதழில் வந்த பதிலைப் படித்தேன். லாரியில் இருக்கும் டீசல் இன்ஜின் 65 குதிரைத்திறன், காரின் பெட்ரோல் இன்ஜின் 100, எனவே தாராளமாக மாற்றலாம் என்று முடித்துவிட்டீர்கள். பட்டறைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து இந்த முடிவுக்கு வர முடியாது.

குதிரைத்திறன் என்பது டார்க்கையும் (சுழற்றும் விசை) ஆர்பிஎம்மையும் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பெருக்கி வருகிற கணக்கு. நின்ற இடத்திலிருந்து சுமையை நகர்த்த வேண்டியது டார்க். பழைய டீசல் இன்ஜின் 1,800 ஆர்பிஎம்மிலேயே 200 நியூட்டன் மீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கார் இன்ஜின் 150 கொடுக்கும், அதுவும் 4,500-ஐத் தொட்ட பிறகு. மேட்டில் சுமையோடு நிற்கிற வண்டியை யாரும் 4,500-ல் வைத்துக் கிளட்சை விட்டு எடுப்பதில்லை. அப்படி எடுத்தால் கிளட்ச் தட்டு சீக்கிரமே கருகிவிடும்.

இதோடு கியர் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். லாரியின் முதல் கியர் விகிதம் 6, பின் ஆக்சில் விகிதம் 5 என்றால் டார்க் மொத்தம் 30 மடங்கு ஆகும். 200 நியூட்டன் மீட்டர் சக்கரத்துக்குப் போகும்போது 6,000 ஆகிறது. கார் இன்ஜினோடு அதன் கியர்பாக்ஸையும் சேர்த்து மாட்டினால் முதல் கியர் 3.5 அளவில்தான் இருக்கும். அதே ஆக்சிலில் 17.5 மடங்கு. 150-ஐ முழுசாகக் கொடுத்தாலும் 2,625-தான், பாதிகூட வரவில்லை. உராய்வில் போகிற இழப்பை நான் இங்கே சேர்க்கவில்லை. அதைச் சேர்த்தாலும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாக மாறாது.

சரி, லாரியின் கியர்பாக்ஸையே வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். செய்யலாம், நானும் அதைத்தான் விரும்புவேன். ஆனால் கார் இன்ஜினின் பின்பக்கத்து போல்ட் துளைகளும் லாரியின் பெல் ஹவுசிங் (கிளட்சை மூடி, கியர்பாக்ஸை இன்ஜினோடு இணைக்கும் கூடு) துளைகளும் ஒத்துப்போகாது. நடுவில் லேத்தில் கடைந்த அடாப்டர் தட்டு ஒன்று வேண்டும். தட்டு செய்வது பெரிய வித்தை இல்லை, அதை மையத்தில் உட்கார வைப்பதுதான் வேலை. இன்ஜினின் பின்னால் சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் டயல் கேஜைக் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுகோல்) காந்தத்தால் ஒட்டி, முள் பெல் ஹவுசிங்கின் நடுத்துளை விளிம்பைத் தொடும்படி வைத்து, கிராங்கைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். முள்ளின் மொத்த ஆட்டம் 0.13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அதைத் தாண்டினாலும் வண்டி ஓடும், முதல் நாள் ஒன்றுமே தெரியாது. நாளாக ஆக கியர் தானாகக் கழன்று வரும், கிளட்ச் முழுதாக விடாது, கியர்பாக்ஸின் முன் பேரிங் ஊளையிட ஆரம்பிக்கும். அப்போது எல்லாரும் கியர்பாக்ஸைத்தான் திட்டுவார்கள்.

இன்னொன்று, பழைய டீசல் 3,000-க்கு மேல் சுற்றியிருக்காது. கார் இன்ஜின் 5,000, 6,000 என்று சுற்றும். டாப் கியர் நேர் கியராக (இன்ஜின் வேகத்தை மாற்றாமல் அனுப்பும் கியர்) இருந்தால், பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் அதே வேகத்தில் சுற்றும். நீளமான ஷாஃப்ட், பழைய ஜாயிண்ட், தேய்ந்த சென்டர் பேரிங் எல்லாம் சேர்ந்து அந்த வேகத்தில் என்ன செய்யும் என்பதை ஓட்டுபவரின் இடுப்பிடம் கேட்டால் தெரியும்.

எந்தக் காரிலிருந்து எடுக்கிறோம் என்பதைப் பதிலில் தொடவே இல்லை. இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலும் முன்சக்கர ஓட்டம்தான், அவற்றில் இன்ஜின் குறுக்காகப் படுத்திருக்கும். லாரியில் அதை நீளவாக்கில் திருப்பி வைத்தால் இன்டேக் ஒரு இடத்தில் இடிக்கும், எக்ஸாஸ்ட் ஸ்டியரிங் பக்கம் போகும், சம்ப் (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) குறுக்குச் சட்டத்தில் உட்காரும். அந்த வகை இன்ஜினை நான் பரிந்துரைக்க மாட்டேன். பின்சக்கர ஓட்டமுள்ள கார், வேன், பிக்கப் எதிலிருந்தாவது நீளவாக்கு இன்ஜின் கிடைத்தால் மேற்கொண்டு பேசலாம்.

அப்புறம் எரிபொருள். கார்புரேட்டருக்கு 0.3 பார் அளவு அழுத்தம் போதும். இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் இன்ஜினுக்குச் சுமார் 3 பார் வேண்டும். லாரியின் பழைய டீசல் டேங்கைக் கழுவிப் பம்பை மட்டும் மாட்டினால், உள்ளே தடுப்பு இல்லாத டேங்கில் வளைவில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கும். பம்ப் காற்றை இழுக்கும், இன்ஜின் திக்கும். டேங்கையே மாற்றிவிடுவது மேல்.

மின்சாரத்தில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். இன்ஜின் இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), சாவியில் இருக்கும் சிப், பல கார்களில் மீட்டர் போர்டு, எல்லாம் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் ஸ்டார்ட் ஆகும். வெறும் இன்ஜினை மட்டும் தூக்கி வந்தவர்கள் பின்னாலேயே வயரிங்கையும் ஆக்சிலரேட்டர் பெடலையும் தேடி அலைவார்கள். வாங்குவதானால் முழுக் காரையும் வாங்குங்கள். ஓடுகிற நிலையில் இருந்தால் முதலில் ஓட்டிப் பாருங்கள். கழற்றும்போது ஒவ்வொரு கனெக்டரிலும் சீட்டு ஒட்டுங்கள். லாரி நன்றாக ஓடும்வரை அந்தக் காரின் கூட்டை விற்காதீர்கள்.

ரேடியேட்டரைக் காருக்குப் போதிய அளவில்தான் கொடுத்திருப்பார்கள். கார் முழுச் சக்தியில் ஓடுவது சில விநாடிகள், லாரியோ மேடு முடியும்வரை அதே சக்தியில் இழுக்க வேண்டும். லாரியின் பழைய ரேடியேட்டரை உள்ளே சுத்தம் செய்து வைத்துக்கொள்வதே நல்லது. பிரேக்கையும் மறக்கக் கூடாது. இதற்கு நேர்மாறாகப் பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் வைப்பவர்கள் வேக்குவம் பம்பை விட்டுவிட்டால், வெற்றிடத்தால் பெடலுக்கு உதவும் பிரேக் பூஸ்டர் வேலை செய்யாது, பெடல் கல்லாகிவிடும். பல டீசல் இன்ஜின்களில் அந்தப் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே இருக்கும், ஆல்டர்னேட்டரை மாற்றும்போது அதுவும் போய்விடும். பதிவுப் புத்தகத்திலும் காப்பீட்டிலும் இன்ஜின் எண் இருந்தால் அதையும் முதலிலேயே விசாரித்துவிட வேண்டும்.

இவ்வளவும் சொல்வது யாரையும் தடுக்க அல்ல. பழைய இன்ஜினுக்கு உதிரிபாகமே கிடைக்காமல் போய், வண்டியும் இனிச் சுமை தூக்கப் போவதில்லை என்றால் நானே மாற்றச் சொல்வேன். ஆனால் அந்த வாசகரின் இன்ஜின் உண்மையிலேயே முடிந்துவிட்டதா என்பதை யாரும் பார்க்கவில்லை. புகை வருகிறது, இழுக்கவில்லை என்றுதான் அவர் எழுதியிருக்கிறார்.

முதலில் ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் (பிஸ்டன் காற்றை அமுக்கும்போது வரும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் பிஸ்டனை மேலே கொண்டுவந்து, வால்வுகள் மூடியிருக்கும் நிலையில், இன்ஜெக்டர் துளை வழியாகக் காற்றை ஏற்றிக் காதை வைத்துக் கேட்க வேண்டும். சைலன்ஸரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. ரேடியேட்டரில் குமிழி வந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கும். வால்வு கிரைண்டிங்கோ கேஸ்கெட்டோ போதும் என்று தெரிந்தால் கார் தேடுகிற பேச்சுக்கே இடமில்லை. ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) வரை போக வேண்டியிருந்தாலும் அடாப்டர், ஷாஃப்ட், டேங்க், வயரிங் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிய தொகையை அந்தச் செலவின் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும்.

அடுத்த இதழில் அந்த வாசகருக்கு மறுபடி பதில் எழுதும்போது, லாரியில் என்ன ஏற்றுகிறார், எவ்வளவு எடை, எப்படிப்பட்ட சாலை என்பதையும் கம்ப்ரெஷன் எவ்வளவு காட்டுகிறது என்பதையும் கேட்டுவிட்டு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பட்டறை வாசகர் ஒருவர்