நாசரேத்திலிருந்து அப்பாவுக்கு

நாசரேத், பென்சில்வேனியா

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சின்னவன் செட்டிபாளையம் டிராக்கில் பைக் ஓட்டுகிற சங்கதி, மேற்குத்தோட்டத்து மாமா வந்து சொல்லித்தான் உங்களுக்குத் தெரிந்ததாமே. அன்றிலிருந்து அவனோடு பேச்சே இல்லை, அம்மாதான் நடுவில் கிடந்து அல்லாடுகிறாள் என்று அக்கா போனில் சொன்னாள்.

இங்கே பனி விட்டபாடில்லை. காலையில் வாசலில் பனியைத் தள்ளி உப்புப் போட்டால்தான் காரை எடுக்க முடியும். எதிர்வீட்டுத் தாத்தாவுக்கும் நானே தள்ளிவிடுகிறேன். கூலி, ஒரு கறுப்புக் காப்பியும் மரியோ ஆண்ட்ரெட்டி கதையும். ஆண்ட்ரெட்டி இந்த ஊர்க்காரர், கார் பந்தயத்தில் பெரிய ஆள். தாத்தா கார் எடுத்தால் முடிந்தவரை இடது பக்கமே திருப்புவார். ஓவல் டிராக்கில் அப்படித்தானாம். 2004-இல் மூடிய இந்த ஊர் ஸ்பீட்வேயை, அதாவது பந்தய மைதானத்தைக் காட்டாமல் விடவும் மாட்டார்.

உங்கள் கடிதம் வந்த பிறகுதான் அந்தக் கதையைக் காது கொடுத்துக் கேட்டேன். ஆண்ட்ரெட்டியும் பிழைக்க வந்தவர்தான். இத்தாலியில் ஏழு வருஷம் அகதி முகாம். 1955-இல் அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், கையில் 125 டாலர், இந்த ஊர். மரியோவும் ஆல்டோவும் இரட்டையர். 1948 மாடல் ஹட்சன் கார் ஒன்றைத் தட்டிக்கொட்டி, 1959-இல் இங்கே அரை மைல் மண் டிராக்கில் இறக்கினார்கள். யார் முதலில் என்று காசு சுண்டியதில் ஆல்டோவுக்கு விழுந்தது. வீட்டில் மூச்சு விடவில்லை. சீசன் முடிகிற நேரம் ஆல்டோ மண்டை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் அப்பாவுக்கு விஷயமே தெரிந்தது. கொதித்துப் போனாராம்.

பிறகு மரியோ 1967-இல் டேடோனா 500, 1969-இல் இண்டியானாபொலிஸ் 500, 1978-இல் ஃபார்முலா ஒன் பட்டம். மூன்றையும் ஜெயித்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் பட்டம் உறுதியான அதே மோன்சா பந்தயத்தில் அடிபட்ட அவருடைய அணிக்காரர் ரோனி பீட்டர்சன் மறுநாள் இறந்துபோனார். அதனால் உங்கள் பயம் தப்பென்று சொல்ல மாட்டேன். சின்னவன் ஒளித்து ஓட்டுவதுதான் எனக்குப் பயம். உங்களுக்குத் தெரிந்து ஓட்டினால் ஹெல்மெட் வார் முதற்கொண்டு நீங்களே இழுத்துப் பார்ப்பீர்கள்.

எனக்கு ஒரு குறையுமில்லை. வேர்ஹவுஸில் ஓவர்டைம் கொஞ்சம் குறைவு; தூங்க நேரம் கிடைக்கிறது, நல்லதுதான். இந்த மாசப் பணம் மட்டும் சற்றுத் தள்ளி வரும், பேங்கில் ஏதோ மாற்றம். ஞாயிற்றுக்கிழமை அரிசிம்பருப்பு வைத்தேன். வீட்டுக் கணக்கில் அரிசி போட்டுவிட்டேன், புதன்கிழமை வரை அதுதான் சாப்பாடு. சாப்பிடும்போது வெளியே உங்கள் டிவிஎஸ் 50 சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. தட்டோடு எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டேன். யாரோ பனி ஊதுகிற மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அது கிடக்கட்டும். பாப்பு காதுகுத்துக்கு எனக்கு லீவு இல்லை. தாய்மாமன் மடி வேண்டுமே. சின்னவன் மடியில் உட்கார வைத்துக் குத்துங்கள். சீர்த்துணி எடுக்க நீங்கள்தான் அவனைக் கூட்டிப்போக வேண்டும், அம்மாவை அனுப்ப வேண்டாம். சொசைட்டி நகைக்கடன் கெடு மாசக் கடைசி. ரசீது பீரோ மேல்தட்டில், கிணற்று மோட்டார் பில்லோடு இருக்கிறது. இப்போதைக்கு மீட்க வேண்டாம், வட்டியைக் கட்டித் திருப்பி வைத்துவிடுங்கள். தேங்காய்ப் பணம் வந்திருந்தால் அதில் எடுத்துக்கொள்ளுங்கள், நான் அனுப்புகிறதற்குக் காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மகன்