மதிலுக்கு முன்னே சந்தை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிவந்த ஆல்ப்ஸ் பயணக் கட்டுரை, இத்தாலியின் தென் டிரோலில் உள்ள குளூர்ன்ஸ் என்னும் சிற்றூருக்கு அரைப் பத்தி ஒதுக்கி, அழகிய மதில் சூழ்ந்த ஊர் என்ற அளவில் முடித்துக்கொண்டது. எல்லைக்கு இப்பால் சுவிட்சர்லாந்தின் கூர் நகரில் பல ஆண்டுகளாக வசிக்கும் எனக்கு அது மனக்குறையாக இருந்தது.

குளூர்ன்ஸ் சந்தையால் நகரமான ஊர். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது அமைந்த பள்ளத்தாக்கின் வணிகம், கூர் நகரத்துக் கத்தோலிக்க ஆயரின் அதிகாரத்துக்கு உட்பட்ட மியூஸ்டைர் என்னும் ஊரின் சந்தையில் நடந்துவந்தது. அதைத் தம் பக்கம் இழுப்பதற்காக டிரோல் கோமகன் இரண்டாம் மைன்ஹார்ட் எட்ச் ஆற்றங்கரையில் ஏற்படுத்திய போட்டிச் சந்தைதான், 1304இல் நகரமாக உயர்ந்தது. ஹால் நகரத்து உப்பு ரெஷன் கணவாய் வழியாக இங்கு வந்து, இங்கிருந்து பிற ஊர்களுக்குப் போயிற்று. வணிகர்கள் கடை விரித்த வளைவுத் தாழ்வாரங்கள் இன்றும் இருக்கின்றன. அவை எவ்வளவு தாழ்வானவை என்றால், கையை உயர்த்தினாலே சுண்ணாம்பு பூசிய வளைவு விரலில் தட்டுகிறது.

கட்டுரை வியந்த மதிலுக்குப் பின்னால் ஒரு பெருந்தீ இருக்கிறது. 1499 மே 22 அன்று, அருகிலுள்ள கால்வென் மலையிடுக்கில், டிரோலை ஆண்ட ஹாப்ஸ்பர்க் மன்னர் மாக்சிமிலியனின் படையை வென்ற எங்கள் கிரௌபுண்டன் பகுதியினர், அதே வேகத்தில் குளூர்ன்ஸைச் சூறையாடித் தீயிட்டனர். இன்று காணும் மதிலும் வாயிற்கோபுரங்களும் அதன் பின்னர், 16ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. அந்தப் போரில் வீழ்ந்த பெனடிக்ட் ஃபொன்டானாவுக்குக் கூரில் சிலை உண்டு. தினமும் அதைக் கடந்து போகும் நான், எரிந்த ஊர் எது என்பதை அங்கே போன பிறகுதான் அறிந்தேன்; அதை எண்ணி இன்றும் வருந்துகிறேன்.

இன்னொன்றையும் கட்டுரையாளர் விட்டுவிட்டார். சந்தை இருந்த ஊரில் நீதிமன்றமும் இருந்தது. பயிரை அழித்த வயல் எலிகள்மீது ஸ்டில்ஃப்ஸ் கிராமத்து உழவர்கள் 1519–1520இல் அங்கேதான் வழக்குத் தொடுத்தனர். எலிகளுக்காக வாதிடவும் ஒருவரை நியமித்து, சாட்சிகளை விசாரித்து, பதினான்கு நாளில் வெளியேறும்படி தீர்ப்பளித்த மன்றம், சினையாக இருந்தவற்றுக்கும் குட்டிகளுக்கும் கூடுதல் அவகாசமும் பாதுகாப்பும் வழங்கியது. எதிர்த்தரப்பைக் கேட்காமல் தீர்ப்பில்லை என்பதில் அவர்கள் கொண்டிருந்த உறுதியாகவே இதைப் பார்க்கிறேன்.

பின்னாளில் வணிகம் வேறு வழிகளுக்குப் போய்விட்டது. முதல் உலகப் போருக்குப் பின் ஆட்சி ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்கு மாறியது. ஊரின் பேச்சு மட்டும் இன்றும் ஜெர்மன்தான். ஏறக்குறைய தொள்ளாயிரம் பேர் வாழும் அந்த ஊரில், இறந்தோர் நினைவு நாளான நவம்பர் 2 அன்று ஆண்டுதோறும் சந்தை கூடுகிறது. நான் போயிருந்தபோது, கல்லறையில் விளக்கேற்றிய கையோடு வந்த மூதாட்டி ஒருவர், கம்பளிக் காலுறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து விலை பேசிக்கொண்டிருந்தார். அங்கே மீண்டும் ஒருவரை அனுப்புவதாக இருந்தால், தயவுசெய்து அந்த நாளில் அனுப்புங்கள்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டநாள் வாசகி,
கூர், சுவிட்சர்லாந்து