ஜார்ஜியாவை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒயின் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரை பிரான்ஸில் தொடங்கி பிரான்ஸிலேயே முடிந்துவிட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே ஜார்ஜியாவில் திராட்சையைப் புளிக்க வைத்திருக்கிறார்கள். அங்கே கிடைத்த, சுமார் 8,000 ஆண்டு பழைய பானை ஓடுகளில் ஒயின் தடயம் இருப்பதை 2017இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இன்றும் அந்த நாட்டில் க்வெவ்ரி என்ற பெரிய மண்தாழியைக் கழுத்துவரை தரையில் புதைத்து ஒயின் செய்கிறார்கள். (படத்தில் பார்த்தால் நம் முதுமக்கள் தாழிதான் நினைவுக்கு வரும்.) 2013இல் யுனெஸ்கோ அந்த முறையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நம் பக்கமும் ஒயின் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே வந்ததுதான். மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து அதைச் சுமந்துவந்த சாடிகளின் உடைசல் அரிக்கமேட்டில் கிடைத்திருக்கிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஏற்காட்டில் நாங்கள் குடியிருந்தபோது பக்கத்து வீட்டு ஆன்ட்டி கிறிஸ்துமஸுக்காக சேலத்திலிருந்து பன்னீர் திராட்சை வரவழைப்பார். பழத்தை நசுக்கி, சர்க்கரையும் பட்டையும் போட்டு, பீங்கான் ஜாடியின் வாயைத் துணியால் கட்டிவிடுவார். நாலாம் நாள் காதை வைத்தால் உள்ளே சொரசொரவென்று சத்தம் கேட்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும்போது கிளம்பும் வாயு அது. ஒரு வருஷம் அவசரப்பட்டு பாட்டிலில் ஊற்றி இறுக மூடிவிட்டார். நடுராத்திரியில் டமால்! சுவரில் தெறித்த ஊதாக் கறை அடுத்த வெள்ளையடிப்பு வரை அப்படியே இருந்தது.

இரண்டாம் பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதிலாவது ஜார்ஜியாவுக்கு நாலு வரி ஒதுக்குங்கள்.

– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்