மால்வோலியோ தடுமாறும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள்

கல்லூரிகளில் ஷேக்ஸ்பியர் நடத்தும் ஆங்கிலத்துறை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் பி.ஏ. ஆங்கிலம் மூன்றாம் ஆண்டு மாணவி. போன செமஸ்டரில் எங்களுக்கு ஷேக்ஸ்பியரின் நகைச்சுவை நாடகம் 'ட்வெல்ஃப்த் நைட்' பாடம். அதிலுள்ள நகைச்சுவை உத்திகள் என்னவென்று கேட்டால் ஆள்மாறாட்டம், சிலேடை, நாடக முரண் என்று மூச்சு விடாமல் சொல்வேன். மதிப்பெண்ணும் நன்றாகவே வந்தது. ஆனால் அந்த செமஸ்டர் முழுக்க எங்கள் வகுப்பில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

தேர்வு முடிந்தபின் ஒருநாள் விடுதி மாடியில் நாங்கள் நான்கு பேர் இரண்டாம் அங்கத்தின் ஐந்தாம் காட்சியை வாய்விட்டுப் படித்தோம். கொடியில் காய்ந்த போர்வைதான் புதர். அதன் பின்னால் ஒளிந்து வேடிக்கை பார்க்கும் மூன்று பேர். முன்னால் மால்வோலியோ, சீமாட்டி ஒலிவியாவின் வீட்டுக் காரியஸ்தன், தனியாகப் பேசிக்கொண்டு நடக்கிறான். எஜமானியைக் கல்யாணம் செய்து மூன்று மாதம் ஆகிவிட்டதாம். வெல்வெட் அங்கியில் உட்கார்ந்துகொண்டு, அவள் உறவினர் சர் டோபியை அழைத்துவர ஆள் அனுப்புகிறானாம். அவர் வரும்வரை கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பானாம், இல்லையென்றால் "என்னுடைய..." என்று தொடங்கி, சட்டென்று நிறுத்தி, "ஏதாவது விலையுயர்ந்த நகையை" உருட்டிக்கொண்டிருப்பானாம்.

அந்த நிறுத்தத்தில் அவன் கை, காரியஸ்தனுக்கு அடையாளமான கழுத்துச் சங்கிலிக்குப் போயிருக்கும். கனவில் பிரபுவாகிவிட்டான், கைக்கு மட்டும் பழைய பழக்கம் போகவில்லை. மால்வோலியோவாகப் படித்த தோழி, தன் ஐ.டி. கார்டு கயிற்றைத் தொட்டுவிட்டுச் சுட்டதுபோல் கையை எடுத்தாள். வயிறு வலிக்கச் சிரித்தோம். எங்கள் கைடில் அந்த இடத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

அப்புறம்தான் கவனித்தோம், அவனை ஏமாற்ற, ஒலிவியா எழுதியதுபோல் அவள் பணிப்பெண் மரியா எழுதிப் போட்ட பொய்க் கடிதம் இன்னும் அவன் கண்ணிலேயே படவில்லை! அதற்குள் மனத்தளவில் ஒலிவியாவுக்குப் புருஷனாகிவிட்டான். அதனால்தான் கடிதத்தில் எம், ஓ, ஏ, ஐ என்ற நான்கு எழுத்தைப் பார்த்ததும், வரிசை பொருந்தாவிட்டாலும், தன் பெயரில் இவை இருக்கின்றனவே என்று வளைத்துப் பிடித்துக்கொள்கிறான். ஒளிந்திருப்பவர்கள் பாடும் சுகமில்லை. தன்னைப் பற்றிய ஏச்சையெல்லாம் கேட்டு, கல் எறியும் வில் ஒன்று கிடைத்தால் அவன் கண்ணிலேயே அடிப்பேன் என்று கொதிக்கிறார் டோபி. சத்தம் போடாதீர்கள் என்று உடன் ஒளிந்திருக்கும் ஃபேபியன் அடக்குகிறான். பொறி வைத்தவர்களும் பொறிக்குள் நிற்கிறார்கள். 'பாத்திரத்துக்குத் தெரியாதது பார்வையாளருக்குத் தெரிவது' என்று நாடக முரணுக்கு நாங்கள் மனப்பாடம் செய்த வரையறையில் இது எங்கே இருக்கிறது?

1602 பிப்ரவரி 2 அன்று லண்டன் மிடில் டெம்பிள் மண்டபத்தில் இந்த நாடகத்தைப் பார்த்த ஜான் மேனிங்ஹாம் என்ற சட்ட மாணவர், தன் நாட்குறிப்பில் மெச்சி எழுதியது காரியஸ்தனை ஏமாற்றும் இந்தத் தந்திரத்தைத்தான். பார்த்ததால் அவருக்குப் பிடித்தது. எங்களுக்கும் பார்க்கக் கொடுங்கள்.

பாடத்திட்டத்தை மாற்றச் சொல்லவில்லை. ஒரே ஒரு வகுப்பு நேரம், ஒரே ஒரு காட்சி, மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு நாங்களே நடித்துப் படிக்க வேண்டும். உத்திகளின் பெயரை அதற்குப் பிறகு சொல்லுங்கள். தேர்விலும், 'இந்த வரியில் நடிகர் எங்கே நிறுத்துவார், ஏன்?' என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

அன்று மாடியில் நான்காம் அங்கத்தையும் படித்தோம். மால்வோலியோவை இருட்டறையில் அடைத்துப் பைத்தியம் என்று சாதிக்கும் இடத்தில் இரண்டு பேர் சிரித்தோம், இரண்டு பேருக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று வாதாடி முடிக்க நள்ளிரவாகிவிட்டது. எங்கள் ஆசிரியரும் உடன் இருந்திருக்கக் கூடாதா என்று அப்போது ஏங்கினேன்.

அன்புடன்,
உங்கள் மாணவி ஒருத்தி