110 மில்லிமீற்றர் பிரேமுக்கு 120 மில்லிமீற்றர் சில்லு: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

திருகோணமலை

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்கட்கு,

வணக்கம்.

உங்கள் ஒற்றை வேக சைக்கிளுக்கென்று நீங்களே விற்ற மேம்படுத்தல் தொகுதி (பின் சில்லும் பிரேக்குகளும்), அந்தச் சைக்கிளில் பூட்ட முடியாமல் என் வீட்டு விறாந்தையில் கிடக்கிறது. தொலைபேசியில் கேட்டால் பிரேமை விரித்துப் பூட்டுங்கள் என்கிறீர்கள். நீங்கள் தந்த உத்தரவாத அட்டையோ, பிரேமை விரித்தாலும் வளைத்தாலும் உத்தரவாதம் செல்லாது என்கிறது. இந்த இரண்டையும் எழுத்தில் உங்கள் முன் வைத்து, பணத்தைத் திருப்பிக் கேட்கவே இக்கடிதம்.

சைக்கிளின் மீது எனக்கு வெறுப்பில்லை. 58,000 ரூபாவுக்கு இரும்பு பிரேம், ஒரே வேகம், பார்க்கவும் அழகு. நான் சாம்பல்தீவிலிருந்து உப்புவெளி வழியாக நகருக்குத் தினமும் வேலைக்குப் போய்வருபவன். கடலோர வீதியில் ஓடும் சைக்கிளுக்குப் பாகம் குறைவாக இருப்பதே நல்லது. கியர் மாற்றும் சிறு சுருள்களும் கம்பிகளும் உப்புக் காற்றில் சீக்கிரம் இறுகிவிடும். ஒற்றை வேகத்தில் அந்தத் தொல்லையே கிடையாது. செயினுக்கு எண்ணெய் விட்டு, தொய்வை இழுத்துக் கட்டினால் போதும். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற யாருக்கும் ஒரு நல்ல சைக்கிளின் அருமையை விளக்கத் தேவையில்லை. அப்போது முதலே எனக்கு இப்படி ஒன்று வேண்டும் என்றிருந்தது.

உங்கள் விளம்பரத்தில் இருந்த ஒரு வசனந்தான் என்னை வாங்க வைத்தது. "எல்லாப் பாகங்களும் பொதுவான அளவு, வாங்கிய பின் விரும்பியபடி மாற்றிக்கொள்ளலாம்" என்று எழுதியிருந்தீர்கள். கையில் இருக்கும் காசுக்கு மலிவான சைக்கிளை எடுத்து, மாதாமாதம் ஒவ்வொன்றாக மாற்றி நல்ல சைக்கிளாக்கலாம் என்ற நம்பிக்கையை விற்பது அந்த வசனம். என்னைப் போன்ற சம்பளக்காரருக்கு அது பெரிய வாக்குறுதி.

சில மாற்றங்கள் நன்றாகவே அமைந்தன. அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. சைக்கிள் வரும்போது முன் பல்சக்கரத்தில் 46 பல், பின் பல்சக்கரத்தில் 16 பல். பெடலை ஒரு முறை முழுதாகச் சுற்றினால் சைக்கிள் சுமார் 6 மீற்றர் போகும். காற்றில்லாத நாளில் அது சுகம். ஆனால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் நகரை நோக்கி வரும்போது முழங்கால் கழன்றுவிடும் போலிருக்கும். நகரில் ஒரு சைக்கிள் கடையில் 18 பல் ஃபிரீவீல் (பெடலை நிறுத்தினாலும் சில்லைத் தன்பாட்டில் சுற்றவிடும் பின் பல்சக்கரம்) வாங்கிப் பூட்டினேன். இப்போது ஒரு சுற்றுக்கு 5.4 மீற்றர் அளவு. வேகம் கொஞ்சம் குறைவு, ஆனால் எதிர்க்காற்றில் இறங்கி உருட்ட வேண்டியதில்லை. அந்த ஃபிரீவீல் ஏன் எந்தச் சிக்கலுமில்லாமல் ஏறியது? அதன் புரி 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 புரி என்ற பொது அளவு. உங்கள் சில்லிலும் அதே அளவு இருந்தது. பொதுவான அளவு என்றால் அதுதான். அப்புறம் மட்காட், கரியர், கொஞ்சம் அகலமான சீற், எல்லாம் சரியாகப் பொருந்தின.

தொல்லை தொடங்கியது பின் சில்லில். சைக்கிளோடு வந்தது குரோம் பூசிய இரும்பு ரிம். வெயிலில் பிரேக் பிடிக்கும். மழையில் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை அதன்மேல் வழுக்கிக்கொண்டே போகும். சில்லு சில தடவை சுற்றித் தண்ணீரை வழித்த பிறகுதான் பிடி கிடைக்கும். இங்கே ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாடை மழை. உவர்மலைச் சரிவில் மழைக்குள் இறங்கும்போது இரண்டு லீவரையும் கைப்பிடியோடு ஒட்ட அழுத்தியும் சைக்கிள் தன்பாட்டில் போனதை நான் மறக்கமாட்டேன். பஸ் நிலையப் பக்கம் மான்களும் மாடுகளும் வீதிக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஈரத்தில் அலுமினிய ரிம் இரும்பு ரிம்மைவிட எவ்வளவோ நன்றாகப் பிடிக்கும். அதனால் மழைக்கு முன்னர், செப்டெம்பர் கடைசியில், உங்களிடமே மேம்படுத்தல் தொகுதியை 24,500 ரூபாவுக்கு எடுத்தேன். அலுமினிய ரிம்மோடு பின் சில்லு, முன் பின் இரண்டு பிரேக் கலிப்பர்கள், அதாவது பிரேக் கட்டைகளை ரிம்மில் அழுத்தும் கவ்விகள். பெட்டியின் மேல் என் சைக்கிளின் மாதிரிப் பெயரே அச்சிட்டிருந்தது. வேறொரு கடையில் வேறொரு பாகத்தை வாங்கி வந்து பொருத்தப் பார்த்த கதை இதுவல்ல என்பதை முகாமையாளர் கவனிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துச் சைக்கிள் கடை அண்ணன் பழைய சில்லைக் கழற்றி, புதியதை உள்ளே கொண்டுபோனார். போகவில்லை. மறுபடி சாய்த்துப் பார்த்தார். பிறகு ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்து, பின் சில்லு உட்காரும் இரண்டு தகடுகளுக்கும் நடுவே வைத்தார். உட்புறத்துக்கு உட்புறம் 110 மில்லிமீற்றர். புதிய சில்லின் அச்சில், ஒரு நட்டின் வெளிமுகத்திலிருந்து மறு நட்டின் வெளிமுகம் வரை 120. என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். ஸ்கேலில் இருந்த கோடுகளில் சந்தேகத்துக்கு இடமேயில்லை. இரண்டு அளவையும் படமெடுத்து அன்றே உங்கள் வட்ஸ்அப் இலக்கத்துக்கு அனுப்பினேன்.

உங்கள் பணியாளர் மரியாதையாகத்தான் பேசினார், அதில் குறையில்லை. ஆனால் அவர் சொன்னது: "இரும்பு பிரேம்தானே, கொஞ்சம் விரித்துப் போட்டால் போய்விடும்." கடை அண்ணன் மாட்டேன் என்றுவிட்டார். அவர் சொன்ன காரணம் சரியானது. 10 மில்லிமீற்றர் என்றால் ஒவ்வொரு பக்கமும் 5 மில்லிமீற்றர் விரிக்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் வித்தியாசமாக விரிந்தால் சில்லு நடுக்கோட்டில் நிற்காது. சரியாக விரிந்தாலும் தகடுகள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமல் வெளிப்பக்கம் திரும்பிவிடும். அந்த நிலையில் நட்டை முறுக்கினால் அச்சு வளைந்து, ஓட ஓட ஒரு நாள் முறியும். இரும்பு பிரேமை முறைப்படி விரிக்க முடியும், உண்மைதான். அதற்கு அளவு பார்க்கும் கருவியும், தகடுகளை மீண்டும் இணையாக்கும் கருவியும், பழகிய கையும் வேண்டும். வெல்டிங் எப்படிப்பட்டது என்று தெரியாத மலிவான பிரேமில் அதைச் செய்துவிட்டு, அதன்மேல் பின்னால் பிள்ளையை ஏற்றிக்கொண்டு நிலாவெளி வீதியில் போக நான் தயாரில்லை. நீங்கள் தயாரென்றால், பிரேமை விரித்த பின்னும் உத்தரவாதம் நிற்கும் என்று எழுதித் தந்திருக்கலாம். கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

பிரேக் கலிப்பர்களும் இதே கதைதான். பிரேக் ஆணியிலிருந்து அவற்றின் கட்டை இறங்கக்கூடியது (இறங்குமட்டம்) 39 முதல் 49 மில்லிமீற்றர் வரை. உங்கள் பிரேமில் பிரேக் ஆணித் துளையிலிருந்து ரிம் வரை அதைவிடத் தூரம். கட்டையை அடி வரை இறக்கியும் அது ரிம்மைத் தொடாமல் டயரின் பக்கத்தைத் தொடுகிறது. டயரைத் தேய்க்கும் பிரேக் டயரை வெடிக்க வைக்கும். சந்தையில் 47 முதல் 57 வரை இறங்கும் கலிப்பர்கள் இருக்கின்றன. அவற்றைப் பெட்டியில் போட்டிருந்தால் இந்தப் பந்தியை நான் எழுதியிருக்க மாட்டேன்.

இன்னொன்று எனக்கு நேரடியாகப் பாதிப்பில்லாதது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். உங்கள் கையேட்டில், சைக்கிளோடு வரும் பின் சில்லின் மறுபக்கத்தில் ஃபிரீவீலுக்குப் பதிலாக நிலையான பல்சக்கரம் (சில்லோடு பெடலும் எப்போதும் சேர்ந்தே சுற்றும் வகை) பூட்டி ஓடலாம் என்று இருக்கிறது. அந்தச் சில்லின் மறுபக்கத்தில் இருப்பதும் ஃபிரீவீல் புரி மட்டுமே. நிலையான பல்சக்கரத்தைப் பூட்டி வைக்க எதிர்த்திசைப் புரியுள்ள பூட்டு வளையம் வேண்டும். அதற்கான படி அந்தச் சில்லில் இல்லை. வேகத்தைக் குறைக்க ஒரு பொடியன் பெடலைப் பின்னுக்கு அழுத்தினால் பல்சக்கரம் கழன்று சுழலும். பிரேக்கைக் கழற்றிவிட்டு அப்படி ஓடும் வயதுப் பிள்ளைகள்தான் இந்தச் சைக்கிளை அதிகம் வாங்குகிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கத்தை இன்றே நீக்குங்கள்.

நான் கேட்பது இதுதான். தொகுதிக்குக் கட்டிய 24,500 ரூபாவையும், சில்லைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பும் செலவையும் தாருங்கள். அல்லது 110 மில்லிமீற்றர் அச்சுள்ள அலுமினிய ரிம் சில்லும், இறங்குமட்டம் சரியான கலிப்பர்களும் அனுப்புங்கள்; எனக்குச் சைக்கிள் ஓடுவதே முக்கியம், இரண்டாவதைத்தான் விரும்புவேன். எது முடியுமென்றாலும் பத்து நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். தொலைபேசிப் பதில் வேண்டாம்.

அதோடு, விற்கும் ஒவ்வொரு சைக்கிளுக்கும் பின் தகட்டு அகலம், பிரேக் இறங்குமட்டம், அதிகபட்ச டயர் அகலம், செயின் அகலம் ஆகியவற்றை விளம்பரத்திலேயே போடுங்கள். நாலு வரிதான். மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி விற்பவர் எந்த அளவுக்கு மாற்றலாம் என்பதையும் சொல்ல வேண்டும். பிரேம் தயாரிக்கும்போது எப்படியும் எங்கோ எழுதி வைத்த இலக்கங்கள்தானே அவை.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, பொருளை வாங்கி 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். அந்தக் காலம் இன்னும் முடியவில்லை. உங்கள் பதில் வராவிட்டால் பற்றுச்சீட்டு, பெட்டியின் படம், அளவெடுத்த படங்கள், வட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் சேர்த்து அதிகாரசபைக்குக் கொடுப்பேன். பிரதிகள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

சில்லும் கலிப்பர்களும் வந்த பெட்டியிலேயே, ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கின்றன. ஆள் அனுப்பினால் எந்த நாளும் மாலை 5.30க்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சாம்பல்தீவு, திருகோணமலை