நானும் கை தூக்கினேன்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசியல் பிளவு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தலைவர்களின் பேச்சும் கைப்பேசியும்தான் மக்களை இரு கூறாக்கிவிட்டன என்கிறார் கட்டுரையாளர். அது பாதி உண்மை. மீதிப் பாதியில் எனக்கும் பங்கு இருப்பதால் இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் செயற்குழுவில் இருந்தேன். நாங்கள் ஆதரித்த கட்சியின் ஒரு முடிவை வெளிப்படையாகக் குறை சொன்னார் என்பதற்காக, நெடுங்காலம் உழைத்த ஒருவரை நீக்கத் தீர்மானம் வந்தது. அவர் சொன்னது சரி என்றே எனக்குப் பட்டது. "ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்" என்றார் தலைவர். முன் வரிசையில் கைகள் உயர்ந்தன. பக்கத்தில் இருந்தவர் தூக்கினார். நானும் தூக்கினேன். நீக்கப்படவிருந்தவரும் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏகமனதாக நிறைவேறியது" என்று குறிப்பேட்டில் எழுதினார்கள்.

படியில் இறங்கும்போது பக்கத்து இருக்கைக்காரர் தாழ்ந்த குரலில், "அந்த மனிதர் அப்படி என்ன தவறாகச் சொல்லிவிட்டார்?" என்று கேட்டார். அடுத்த சில நாட்களில் இன்னும் மூன்று பேர் தனித்தனியாக என்னிடம் அதையே கேட்டார்கள். ஆக, ஐந்து பேர் ஒருவர் கையை ஒருவர் பார்த்துத் தூக்கியிருக்கிறோம்.

1950களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் நடத்திய சோதனையைப் பற்றிப் பிறகுதான் படித்தேன். ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு மற்ற மூன்றில் எது என்று கேட்டார். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் முன்கூட்டியே பேசிவைத்தபடி தவறான கோட்டைக் காட்டினார்கள். அந்த ஒருவரும் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு முறைக்கு மேல் தவறான விடைக்கே இணங்கினார். அறையில் வேறு ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோதோ, இப்படி இணங்குவது முன்பிருந்ததில் சுமார் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சரியான விடையைச் சொன்ன அந்த ஒருவராக நான் இருந்திருக்கலாம்.

கோட்டின் நீளத்துக்கே இந்தப் பாடு என்றால் அரசியலில் கேட்க வேண்டுமா? எதிரணியைப் பகைவர்களாகப் பார்க்கத் தொடங்கியதும், சொந்த அணிக்குள் எழும் சந்தேகம் துரோகமாகிவிடுகிறது. "இந்த நேரத்தில் இதைப் பேசினால் அவர்களுக்குத்தானே லாபம்?" எத்தனை கூட்டங்களில் இதைக் கேட்டிருக்கிறேன்! எல்லா அணியிலும் இதே வாசகம்தான். பேச உகந்த நேரம் மட்டும் யாருக்கும் வந்ததில்லை. நிதானமானவர்கள் வாயை மூடிக்கொள்ள, மிஞ்சுகிறவர்கள் ஒருவரை ஒருவர் விஞ்சிக் கடுமையாகப் பேசுகிறார்கள். அந்தக் கடுமையையே எதிரணி நம் எல்லோருடைய முகமாகவும் பார்க்கிறது. அங்கும் நிதானமானவர்கள் அடங்கிப்போகிறார்கள்.

அதிகாரத்தின் உச்சியிலும் இதே கதைதான். 1961 ஏப்ரலில் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் அமெரிக்கா ஏவிய படையெடுப்பு மூன்றே நாட்களில் நொறுங்கியது. அதிபர் கென்னடியின் ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிங்கர் தம் எதிர்ப்பைக் குறிப்பாக எழுதிக் கொடுத்திருந்தார். கூட்ட அறையிலோ பெரும்பாலும் பேசாமல் இருந்தார். பின்னாளில் அதற்காக மிகவும் வருந்தினார். கென்னடி பாடம் கற்றுக்கொண்டார். மறு ஆண்டு, கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைக்கப்பட்டதால் எழுந்த நெருக்கடியின்போது, தம் முன்னிலையில் மற்றவர்கள் வாய் திறக்கத் தயங்குவார்கள் என்று சில கூட்டங்களுக்கு வேண்டுமென்றே வராமல் இருந்தார். இடித்துரைப்பவர்களுக்கு இடம் விடுவது தலைமையின் வேலை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் கடிதப் பகுதியில் நாள்தோறும் ஒரு கட்சியின் ஆதரவாளர் மறு கட்சியைச் சாடுகிறார். மறுநாள் அதற்குப் பதிலடி வருகிறது. வாரம் ஒரு கடிதத்துக்காவது இடம் ஒதுக்குங்கள்: தாம் வாக்களித்த கட்சி எங்கே தவறியது என்று, அதன் ஆதரவாளராக இருந்துகொண்டே ஒருவர் எழுதும் கடிதத்துக்கு. யாரும் எழுத முன்வரவில்லையென்றால் முதல் கடிதத்தை நான் அனுப்புகிறேன். அன்று நாங்கள் நீக்கிய நண்பர் எதைச் சொன்னாரோ, அதையே எழுதுவேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்