பழைய காருக்கு நல்ல பிரேக் போட வழி சொல்லுங்கள்

பெறுநர்: மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைத் துறை அமைச்சகம், தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். எழுபதுகளில் வாங்கிய அம்பாசிடர் ஒன்றை இன்றும் எங்கள் குடும்பம் வைத்திருக்கிறது. அது காட்சிக்கு நிறுத்திய வண்டி அன்று. வீட்டுப் பெரியவர்கள் ஏறி இறங்க வசதியாக இருப்பதால் கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றுக்கும் அதில்தான் போகிறோம். சாலை வரி, இன்சூரன்ஸ், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவுப் புதுப்பித்தல் என எதிலும் பாக்கி வைத்ததில்லை. அந்த வண்டியின் பிரேக் பற்றித்தான் இந்த மடல்.

நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். அதாவது, சக்கரத்தோடு சுழலும் கிண்ணம் போன்ற டிரம்மை உள்ளிருந்து ‘ஷூ’ என்ற வளைந்த கட்டைகள் அழுத்தி நிறுத்தும். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலுக்கு அடியில், தரைத் தகட்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. பிரேக் ஆயில் அளவு பார்க்க மிதியடியைத் தூக்கி, மூடியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அந்த ஒரே சிலிண்டரிலிருந்து கிளம்பும் ஒரே ஆயில் பாதைதான் நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. எங்காவது சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் ஒன்று கசிந்தாலோ, முன் சக்கரத்து ரப்பர் ஹோஸ் ஒன்று வெடித்தாலோ நான்கிலும் பிரேக் போய்விடும். மிஞ்சுவது கைபிரேக் மட்டுமே. இந்த ஆபத்துக்காகத்தான் அமெரிக்கா 1968 தொடங்கியே புதிய கார்களில் பிரேக் ஆயில் பாதையை இரண்டாகப் பிரிக்கச் சொன்னது. ஒரு பாதை போனாலும் மற்றொன்று வண்டியை நிறுத்தும்.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது இரண்டாவது சிக்கல் தெரியும். சூடேறிய டிரம் விரிவதால் ஷூ அதைத் தொட பெடலை இன்னும் ஆழமாக மிதிக்க வேண்டியிருக்கிறது. ஷூவின் மேல் உள்ள உராய்வுப் பட்டையான லைனிங்கின் பிடிப்பும் தளர்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிதான். கொதித்துக் குமிழி விட்டால் பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரையைத் தொடும். கியரைக் குறைத்து இறங்கத் தெரிந்தவர்கள் சமாளித்துவிடுகிறோம். ஆனால் வளைவில் எதிரே வரும் பஸ்காரருக்கும் சாலையோரம் நடக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் எங்கள் ஓட்டும் திறமையை நம்பி இருக்க வேண்டிய தலையெழுத்து எதற்கு?

தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதன்று. இரட்டைப் பாதை மாஸ்டர் சிலிண்டர், முன் சக்கரங்களுக்கு டிஸ்க் (சுழலும் தட்டை இருபுறமும் ‘பேட்’ கவ்விப் பிடிக்கும் பிரேக்), மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் ஒரு வேக்கம் பூஸ்டர். இதே அம்பாசிடரின் பிற்கால மாடல்களில் பூஸ்டரோடு கூடிய முன் டிஸ்க் பிரேக்கைக் கம்பெனியே கொடுத்தது. பின்னால் பிறந்த தம்பிக்குக் கிடைத்ததை அண்ணனுக்கும் மாட்டலாமா என்பதுதான் எங்கள் கேள்வி.

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடைப்பதில்லை. ஓர் அலுவலகத்தில், “பாதுகாப்புக்குத்தானே, போட்டுக்கொள்ளுங்கள்” என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில், “போட்டால் ஆர்.சி. ரத்தாகும்” என்றார்கள். இரண்டு இடத்திலும் எழுத்தில் தர மறுத்தார்கள். அவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். சட்டமே இங்கு மங்கலாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. சேஸிஸ் எண், எஞ்சின் எண், இருக்கை, எடை, நிறம் எல்லாம் பதிவுச் சான்றில் உண்டு. பிரேக் டிரம்மா டிஸ்க்கா என்று என் சான்றில் ஒரு வரி கூட இல்லை. இன்னொரு பக்கம், 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தயாரிப்பாளரின் வடிவக் குறிப்பை மீறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியின்றிப் பாகம் மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தயாரிப்பாளரிடம் ஒப்புதல் கேட்கலாம் என்றால், அம்பாசிடர் உற்பத்தி 2014இலேயே நின்றுவிட்டது.

அனுமதிக்கு வழி தெரியாததால் மாற்றம் நடக்காமல் இல்லை, மறைவாக நடக்கிறது. என்னை மிகவும் வருத்துவது இதுதான். சென்னை புதுப்பேட்டையில் வேறொரு காரின் டிஸ்க்கும், பேடைத் தாங்கி அழுத்தும் காலிப்பரும் வாங்கி, இரும்புப் பட்டையை வெட்டி வெல்டிங் வைத்து மாட்டுகிறார்கள். வேலை தெரிந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் எது சரி என்று சொல்ல ஓர் அரசுக் குறிப்பு கூட அவர்கள் கையில் இல்லை. பல டிரம் பிரேக் மாஸ்டர் சிலிண்டர்களுக்குள் ஒரு சிறு வால்வு உண்டு. பெடலை விட்ட பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். டிரம்முக்கு அது தேவை. அதை எடுக்காமல் டிஸ்க்கோடு இணைத்தால் பேட் விலகாமல் உரசிக்கொண்டே ஓடி, காலிப்பர் கொதிக்கும். சிலிண்டரின் துளை அளவு பொருந்தாவிட்டால் பெடல் பாதாளத்துக்குப் போகும், அல்லது கல்லாக இறுகும். டிரம்மில் சக்கரம் சுற்றும் வேகமே ஷூவை இழுத்து அழுத்த உதவும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது, அதனால்தான் பூஸ்டர் வேண்டும். டீசல் வண்டியென்றால் பூஸ்டருக்குத் தனியாக வேக்கம் பம்ப்பும் வேண்டும். பின் சக்கரங்களுக்குப் போகும் அழுத்தத்தைச் சரியாகக் குறைக்காவிட்டால், மழைச் சாலையில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். இத்தனையையும் யாரும் சோதிப்பதில்லை. வண்டி பரிசோதனைக்கு வரும்போது பிரேக் இன்ஸ்பெக்டரிடம் உண்மையைச் சொல்லவே உரிமையாளர் அஞ்சுகிறார். சிலர் அன்றைக்கு மட்டும் பழைய டிரம்மை மாட்டிக்கொண்டு போய் நிற்கிறார்கள்.

அம்பாசிடருக்கு மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு பிறந்த பிரிட்டனில், 40 ஆண்டு கடந்த கார்களுக்கு 2018 மே முதல் ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. பெருமளவு மாற்றப்பட்ட வண்டிக்கு அந்த விலக்கு இல்லை. ஆனால் சக்கர அச்சிலும் அதைச் சார்ந்த ஓட்டப் பாகங்களிலும் பாதுகாப்பைக் கூட்டச் செய்த மாற்றங்களைப் பெருமாற்றமாகக் கருத வேண்டாம் என்று அரசு வழிகாட்டுதலே சொல்கிறது. நம் நாட்டில் 2021இல் வந்த விண்டேஜ் வாகன விதி, 50 ஆண்டு கடந்த வண்டியின் சேஸிஸ், பாடி, எஞ்சின் மாறக் கூடாது என்கிறது. பிரேக் பற்றி அதிலும் பேச்சில்லை.

52ஆம் பிரிவின் 2019 திருத்தம், மாற்றங்களுக்கான நிபந்தனைகளை வகுக்கும் அதிகாரத்தை அமைச்சகத்துக்குத் தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். அதே வண்டியின் பிற்கால மாடலில் கம்பெனியே கொடுத்த பிரேக் பாகங்களைப் பொருத்தினால் அது சட்டமீறல் ஆகாது என்று அறிவியுங்கள். ஒற்றை ஆயில் பாதையை இரட்டையாக்குவதற்கு எல்லாப் பழைய கார்களுக்கும் அனுமதி தாருங்கள். வெல்டிங் வைத்த காலிப்பர் தாங்கியையும், கைபிரேக்கைக் கழற்றிவிடுவதையும் தயங்காமல் மறுத்துவிடுங்கள். அதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. மாற்றிய வண்டியை உருளைச் சோதனைக் கருவியில் ஏற்றி, இடம் வலம் சமமாகப் பிடிக்கிறதா என்று பார்த்து, பதிவுச் சான்றில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். அதற்குரிய கட்டணத்தைக் கட்டத் தயாராக இருக்கிறோம்.

ஆணையர் அவர்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். மத்திய விதி வரும்வரை, பிரேக் மாற்றம் குறித்துக் கேட்பவருக்கு எல்லா வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களும் ஒரே பதிலை எழுத்தில் தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்புங்கள். அந்தப் பதில் ‘கூடாது’ என்பதாக இருந்தாலும் சரி, அதை வைத்து மேல்முறையீடு செய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
அம்பாசிடர் உரிமையாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்